மாதிரிக்கு ஓர் அக்கா

அக்காவைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்க வந்த கண்ணாடிக்கடைக்காரரை, கவுன்ட்டரில் இருந்த அம்மாள் எழுந்து நின்று வரவேற்றார். காணாமற்போனோர் உருவ வாரியத்தில் யாரும் யாருக்காகவும் எழுந்து நின்றதாக அதற்கு முன் தகவல் இல்லை.

"ரொம்ப நல்ல சமயத்துல வந்தீங்க சார். மூணு வாரமா ஒரு சாதாரண முகத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கோம். உங்க அக்கா முகம் சாதாரணமா இருக்குமா?"

"எனக்கு அப்படித் தோணினதில்லையேம்மா."

"தம்பிங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உக்காருங்க."

கண்ணாடிக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. அக்கா அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். தம்பியின் நான்காவது வயதில் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, தலை வாரி விட்டதும், தொழில் பழக அனுப்பியதும், கடை வைத்த பிறகு கூடவே உட்கார்ந்து லென்ஸ் துடைத்ததும் அக்காதான். இரண்டு வருஷமாக அந்த அக்காவுக்கு ஞாபகம் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. பாலைக் கொண்டுபோய் லென்ஸ் அலமாரியில் வைப்பார். செத்துப்போனவர்கள் இன்னும் சாப்பிட வரவில்லையே என்று கோபித்துக்கொள்வார். தம்பியை மட்டும் மறக்கவில்லை. தலை நரைத்த பிறகும் தம்பி அவருக்குச் "சின்னவன்".

முந்தின நாள் காலை பத்தேகாலுக்கு, கண்ணாடிக்காரர் ஒரு வாத்தியாருக்கு ஃப்ரேமின் கால் வளைத்துக்கொண்டிருந்தார். "சின்னவனே, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றார் அக்கா. இவர் தலை நிமிராமல் "ம்" என்றார். நிமிர்ந்தபோது நாற்காலி காலி.

அந்த "ம்" காதில் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் அவர் வாரியத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். கடையில் வைத்து அவரே எடுத்தது. 'வேலையைப் பாருடா' என்கிற முகத்தோடு அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதைப் போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல நாலு, ஆஸ்பத்திரியில நாலு ஒட்டினாப் போதும்மா. சாயங்காலத்துக்குள்ள கிடைச்சுடுவாங்க."

கவுன்ட்டர் அம்மாள் புகைப்படத்தை, செத்த பல்லியைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்துக்கொண்டார்.

"புகைப்படத்தை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு சார். ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டிருப்பார், ஒருத்தர் பின்னாடி துணி காயும். போஸ்டர் பார்க்கறவங்களுக்கு மனசு கஷ்டமாயிடுது. இப்பல்லாம் ஏஐ படம்தான். நாம வார்த்தையில சொன்னா மெஷின் வரைஞ்சு குடுத்துடும். எந்த மெஷின்ங்கறதுதான் இன்னும் முடிவாகல. மூணு கருவி கடைசிச் சுத்துல இருக்கு."

"அது முடிவாகிற வரைக்கும்?"

"யாரையும் தேடறதில்ல. நடுவுல தேடிட்டா ஒப்பீடு கெட்டுடும்."

பேசிக்கொண்டே அவர் புகைப்படத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, மேலே "அசல்" என்று எழுதினார்.

"இதை இனிமே யாரும் பார்க்கக் கூடாது. கருவி பார்த்துட்டா காப்பி அடிச்சுடும்."

"காப்பி அடிச்சா நல்லதுதானேம்மா?"

பரீட்சையில் பிட்டு வைத்திருந்த பையனைப் பார்ப்பதுபோல அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கைபேசியில் அந்தப் படம் இருந்தால் அதையும் அழித்துவிட வேண்டும் என்றார். கண்ணாடிக்காரர் அழித்தார். ஏன் அழித்தார் என்று நீங்கள் கோபப்பட வேண்டாம். எதிரே ஒரு முத்திரையும் அதற்குப் பின்னால் ஒரு மரியாதையான குரலும் இருந்தால் நாமும் அழித்திருப்போம், கண்ணுகளா.

அடுத்த மேஜையில் சொல்திருத்துநர் என்கிற உத்தியோகஸ்தர். காணாமற்போனவரை நாற்பது வார்த்தைக்குள் எழுதிக் கொடுத்தால், அதைக் கருவிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அவர் வேலை. கண்ணாடிக்காரர் முப்பது வருஷமாக முகங்களை அளந்தவர். அளந்துதான் எழுதினார்: கண்ணுக்குக் கண் இடைவெளி அறுபத்தொரு மில்லிமீட்டர். மூக்குத்தண்டு இடப்பக்கம் சாய்வு, சின்ன வயதில் கதவில் மோதியது. வலது கண் இடதைவிடச் சிறிது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. யாராவது பொய் சொன்னால் இடது புருவம் மேலே போகும்.

சொல்திருத்துநர் அனுதாபத்தோடு படித்துவிட்டு, முழுவதையும் அடித்துவிட்டு எழுதினார்: முதிய பெண்மணி, கருணை ததும்பும் விழிகள், பொன்னிற மாலை ஒளி, நுணுக்கமான சருமம், உயர்தரம்.

"எங்க அக்காவுக்குக் கருணையெல்லாம் ததும்பாதுங்க. கோபம்தான் வரும்."

"கோபம்னு போட்டா மூணாவது கருவி படமே வரையாது. அது பண்பான கருவி."

"அப்ப பல்லு?"

"பல் இல்லைன்னு எழுதினா மெஷினுக்குப் பல்லுங்கற வார்த்தை மட்டும்தான் காதுல விழும். நாப்பது பல் வெச்சுடும். வேணுமா?"

வேண்டாம் என்றார் கண்ணாடிக்காரர்.

ஒன்பதாம் நாள் ஒப்பீடு நடந்தது. கண்ணாடிச் சுவர் போட்ட நீளமான அறை. உள்ளே வாரியத் தலைவரும் ஐந்து தேர்வாளர்களும். வெளியே, உறவினருக்கென்று போட்டிருந்த பெஞ்சில் கண்ணாடிக்காரர். சுவரில் துளைகள் இருந்ததால் பேசுவது கேட்டது.

முதல் கருவி வரைந்த படத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, நரைத்த தலைமுடியோடு, இப்போதுதான் நல்ல செய்தி கேட்டவள்போல மின்னினாள். இரண்டாவது கருவி சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டிருந்தது. காது மட்டும் மூன்று. மூன்றும் அழகாக இருந்ததாகத் தேர்வாளர்கள் ஒருமனதாகக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாவது கருவி, காணாமற்போவது பலரைப் புண்படுத்தக்கூடிய விஷயம் என்பதால், ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலியை வரைந்து அதன்மேல் சால்வை போட்டிருந்தது.

மதிப்பெண் பட்டியலில் நான்கு கட்டங்கள். தெளிவு, ஒளி, உணர்ச்சி, தேடத் தூண்டும் தன்மை. ஜாடை என்று ஒரு கட்டம் இல்லை. அசல் உறைக்குள் இருக்கும்போது ஜாடையை எதோடு ஒப்பிடுவது?

கண்ணாடிக்காரர் எழுந்துபோய்ச் சுவரில் தட்டினார்.

"ஐயா, முதல் படத்துல கண்ணுக்குக் கண் அறுபத்தெட்டு இருக்கு. எங்க அக்கா கண்ணாடி இந்த மூஞ்சியில நிக்கவே நிக்காது. கழண்டு விழுந்துடும். இது எங்க அக்கா இல்லைங்க."

தலைவர் இனிமையான மனிதர். எழுந்து சுவரருகே வந்து, துளைகளுக்கு நேராகக் குனிந்து பேசினார்.

"நீங்க அவங்களுக்கு யாரு?"

"தம்பி."

"பார்த்தீங்களா? நீங்க சார்புள்ளவர். உங்களுக்கு அவங்க முகம் முன்னாடியே தெரியும். முகம் தெரிஞ்ச ஒருத்தரால அந்த முகத்தை நடுநிலையா எப்படிப் பார்க்க முடியும், சொல்லுங்க? இந்த அறையில இருக்கற ஆறு பேர்ல ஒருத்தர்கூட உங்க அக்காவைப் பார்த்ததில்ல. அதுதான் சார் எங்க பலம். நான் இந்த நாற்காலிக்கு வந்து ஆறு வருஷமாச்சு. இதுவரைக்கும் காணாமப்போன ஒருத்தரைக்கூட நான் பார்த்தது கிடையாது. அப்படி ஒரு நேர்மை."

தேர்வாளர்கள் மேஜையைத் தட்டினார்கள். கண்ணாடிக்காரர் சொன்னது "சார்புக் கருத்து" என்ற தலைப்பில் பதிவாயிற்று. அதற்கு வேறு தாள், வேறு அலமாரி.

மூன்று கருவிகளும் சமமாக மதிப்பெண் வாங்கியதால், களத்தில் விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. மூன்று படங்களையும் ஊர் முழுக்க ஒட்டுவார்கள். எந்தப் படத்துக்கு அதிகம் ஆள் கிடைக்கிறதோ அந்தக் கருவிக்கு வெற்றி. இந்த முடிவை எட்ட மூன்று வாரம் ஆயிற்று. போஸ்டரின் பசை எந்த நிறம் என்பதற்கு இன்னும் ஒரு வாரம்.

கண்ணாடிக்காரர் அதற்குள் கால்நடையாகவே தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், பிணவறை. எங்கே போனாலும் "போட்டோ இருக்கா?" என்று கேட்டார்கள். "வாரியத்துல இருக்கு" என்றால், அதற்குமேல் அவரிடம் யாரும் பேசவில்லை. கடையை மத்தியானம்தான் திறந்தார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்து கத்தியபோது, கேட்டுக்கொண்டே நின்றார். கத்துகிற குரல் ஒன்று கடைக்குள் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

களச் சோதனை ஒரு வாரம் நடந்தது. மூன்று காது உள்ளவர் யாரும் கிடைக்கவில்லை. ஆனாலும் தலையில் துணி கட்டியிருந்த பதினேழு பேரைப் பிடித்து அவிழ்த்துப் பார்த்தார்கள். மூன்றாவது படத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நாற்பத்தாறு நாற்காலிகள். அதில் இரண்டு, சால்வையோடு. முதல் படத்துக்குத்தான் கூட்டம். பள்ளிக்கூட ஆசிரியைகள், ஒரு நீதிபதி, தன் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த மணப்பெண் ஒருத்தி என்று இருநூற்றுப் பதினான்கு பேரைப் பிடித்துவந்து வாரியத்தின் வராந்தாவில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் அன்று ஆற்றிய உரை அச்சாகியிருக்கிறது.

"பழைய புகைப்பட முறையில ஒருத்தரைத் தேடினா, எவ்வளவு கஷ்டப்பட்டாலும் ஒருத்தர்தான் கிடைப்பார். பல சமயம் அதுவும் இல்லை. இன்னிக்கு ஒரே ஒரு அக்காவைத் தேடினோம். இருநூத்திப் பதினாலு அக்கா கிடைச்சிருக்காங்க! இருபத்தோராயிரத்து நானூறு சதவீத வெற்றி. இதுக்கு மேலயும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரியம் என்ன செய்ய முடியும்?"

முதல் கருவி தேர்வானது. இருநூற்றுப் பதினான்கு பேரையும் படத்தோடு பொருத்திப் பார்த்து, தொண்ணூற்று மூன்று சதவீதம் பொருந்திய ஒரு பெண்மணியைக் கண்ணாடிக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இறக்கிவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட மறுத்தபோது, மறுத்ததற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் போட்ட கையெழுத்தே போதும் என்றார்கள்.

வந்த பெண்மணி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடையில் நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"தம்பி, நான் பால் வாங்க வந்தவ. வரிசையில எனக்கு முன்னாடி ரெண்டே பேர்தான்."

"தெரியும்மா. மன்னிச்சுக்கங்க. நீங்க வீட்டுக்குப் போயிடுங்க."

அவரும் போனார். தெருமுனையில் போஸ்டரைப் பார்த்த இருவர் மகிழ்ச்சியோடு பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் ஆட்டோவில் போனார். ஆட்டோக்காரரே கொண்டுவந்து விட்டார். மூன்றாம் நாள் மகள் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனபோது, காணாமற்போனவரைக் கடத்தியதாக மகளைக் காவல் நிலையத்தில் வைத்துவிட்டு, தாயைக் கண்ணாடிக்காரர் வீட்டில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மகள் இங்கேயே வந்து பார்த்துவிட்டுப் போவது என்றாயிற்று.

"காணாம போனாக்கூட ஒரு தடவைதான் போகணும் போல" என்றார் ஆபரேட்டரம்மா. "நான் தினம் கிடைச்சுக்கிட்டே இருக்கேன்."

சும்மா உட்கார முடியாதவர் அவர். வேலை செய்த காலத்தில் இரண்டு காதிலும் இரண்டு ஊரைக் கேட்ட பழக்கம். தன்னோடு சேர்த்து இறக்கிவிட்டுப் போன கோப்பின் நகலை எடுத்து, முதல் தாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பதினெட்டாவது தாளில் நிறுத்திவிட்டு, "தம்பி, கொஞ்சம் இங்க வாங்க" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

ஆதரவற்றோர் விடுதியின் காப்பாளர் அம்மாள் வாரியத்துக்கு எழுதிய கடிதம் அது. வயதான பெண் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். பெயர் சொல்லத் தெரியவில்லை. தம்பி கண்ணாடிக்கடை வைத்திருப்பதாகச் சொல்கிறார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் திட்டுகிறார். மூக்கு சற்று சாய்ந்திருக்கும். கீழே வாரியத்தின் பதில்: முதல் கருவியின் படத்தோடு பதினொரு சதவீதம், இரண்டாவதோடு ஒன்பது, மூன்றாவதோடு பொருத்தம் இல்லை. இவர் அவர் அல்ல.

கடிதத்தின் தேதி, அக்கா போன பன்னிரண்டாம் நாள். இன்றைக்கு ஐம்பத்தோராம் நாள்.

விடுதி, பேருந்தில் ஏறினால் எட்டாவது நிறுத்தம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் ஒரு மர பெஞ்சு, அதில் அக்கா. யாருடைய சட்டையையோ மேலே போட்டிருந்தார். இளைத்திருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்ததும் இடது புருவம் மேலே போயிற்று.

"ஏண்டா சின்னவனே, கடையைத் திறந்து போட்டுட்டா வந்தே?"

கண்ணாடிக்காரர் கம்பிக் கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. காப்பாளர் அம்மாள் வந்து பேசினார். நல்ல பெண்மணி. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்.

"எனக்குத் தெரியுது சார். என் காதாலயே கேட்டேன். ஆனா உங்க அக்கா கிடைச்சு, உங்க வீட்டுல ஒப்படைச்சாச்சுன்னு பதிவு இருக்கு. கிடைச்சவங்களை நான் எப்படி இன்னொரு தடவை குடுக்கறது? வாரியத்துல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. இப்பவே அனுப்பறேன்."

"உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டாவது போறேனே."

"உறவுக்காரங்களுக்குத்தான் அனுமதி சார்."

கம்பி வழியாகக் கையை நீட்டினார். அக்கா எழுந்து வந்து, அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, "நகம் வெட்டலையா?" என்றார். பிறகு குளிர்கிறது என்றார். சின்னவன் தன் மேல்சட்டையைக் கழற்றிக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு, பனியனோடு வாரியத்துக்குப் போனார்.

வரிசை இல்லை. கவுன்ட்டர் அம்மாள் மறுபடியும் எழுந்து நின்றார். வெற்றிபெற்ற கருவியின் முதல் பயனாளி அல்லவா? தலைவரே அறைக்குள் அழைத்து நாற்காலி போடச் சொன்னார். அதற்கு அங்கே பஞ்சமில்லை.

"எங்க அக்கா விடுதியில இருக்காங்கய்யா. நான் என் கண்ணால பார்த்தேன். என்னை அடையாளம் தெரிஞ்சு பேசினாங்க."

"உங்க அக்கா உங்க வீட்டுல இருக்காங்க. தொண்ணூத்தி மூணு சதவீதம்."

"அவங்க வேற யாரோ. பால் வாங்க வந்தவங்க."

"அது உங்க குடும்ப விஷயம்."

"அந்த உறையை ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாருங்கய்யா. அசல் படம் அதுலதான் இருக்கு. பார்த்த உடனே தெரிஞ்சுடும்."

தலைவர் முகத்தில் முதல்முறையாக வருத்தம் தெரிந்தது.

"ஏழு வருஷத்துக்குப் பிரிக்க முடியாது சார். பிரிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உள்ள இருக்கற முகம் நாங்க தேர்ந்தெடுத்த படம் மாதிரி இருந்தா நல்லது. இல்லேன்னு வெச்சுக்குங்க. ஒரு முகத்துக்காக ஒரு வாரியத்தையே தப்புன்னு சொல்லலாமா? உங்களுக்கு ஒரு அக்கா. எனக்கு அறுபது ஊழியர்."

சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டியவர், பதினெட்டாவது தாளில் அப்படியே நின்றார். பதினொன்று, ஒன்பது, பூஜ்யம். அவர் கண் விரிந்தது. மணியடித்துச் சொல்திருத்துநரை வரச் சொன்னார்.

"இதைப் பாருய்யா. மூணு கருவியாலயும் வரைய முடியாத ஒரு முகம்! இப்படி ஒண்ணு கிடைக்காதான்னுதானே இத்தனை நாளா அலைஞ்சோம்? நாலாவதா ஒரு கருவி வந்திருக்குல்ல, நேரா ஆளையே உக்கார வெச்சுப் பார்த்து வரையுமே, அதைச் சோதிக்க இதைவிட நல்ல மாதிரி ஏது?" கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி சார். உங்களாலதான் கிடைச்சாங்க."

விடுதிக்கு அன்றே கடிதம் போயிற்று. பெயர் தெரியாத அந்தப் பெண் இனி "மாதிரி எண் பூஜ்யம்". ஒப்பீடு முடியும்வரை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. முகம் மாறிவிடும் அபாயம் இருப்பதால், உணவு, உடை, தூக்கம் எதையும் மாற்றக் கூடாது. கம்பி வழியாகப் போன மேல்சட்டையைக் கழற்றி வாங்கி, ரசீதோடு கண்ணாடிக்காரருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது ஒப்பீட்டுக்கு அதே நீளமான அறை. நடுவில் நாற்காலி, நாலு பக்கமும் விளக்கு. அக்காவை உட்கார வைத்தார்கள். வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது. கண்ணாடி இல்லை, அது முகத்தை மறைக்கும் என்று கழற்றியிருந்தார்கள். உறவினர் பெஞ்சில் கண்ணாடிக்காரர் உட்காரக் கூடாது என்றார்கள், உறவு இல்லை என்பதால். பொதுமக்களுக்கான பெஞ்சு பக்கத்தில் இருந்தது. அதில் உட்கார்ந்தார். கூடவே ஆபரேட்டரம்மா, யாரும் மறுபடியும் கண்டுபிடித்துவிடாதபடி முகத்தை மறைத்து முக்காடு போட்டுக்கொண்டு.

விளக்கை ஒருவர் நகர்த்தியபோது, சுவருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற உருவம் அக்காவுக்குத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"சின்னவனே!" எழுந்துகொள்ளப் பார்த்தார். இருவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "டேய், வாடா. எனக்கு இங்க பிடிக்கலடா. என்னைக் கூட்டிட்டுப் போடா வீட்டுக்கு!"

கண்ணாடிக்காரர் எழுந்துபோய் இரண்டு கையாலும் சுவரை அடித்தார். "கேட்டீங்களா? கேட்டீங்களாய்யா? என்னைத்தான் கூப்பிடறாங்க!"

தேர்வாளர் ஒருவருக்குச் சந்தேகம் வந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். "உண்மையிலயே தம்பியா இருப்பாரோ?" என்று கேட்டார். சொல்திருத்துநர் விதியைப் பார்த்துச் சொன்னார். "மாதிரிக்கு ஞாபக மறதி இருக்கு சார். ஞாபக மறதி உள்ளவங்க அடையாளம் சொன்னா செல்லாது. அடையாளம் தெரியலைன்னு சொல்லியிருந்தா எடுத்துக்கலாம்."

தலைவருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உணர்ச்சி! பாருங்கய்யா, நாலாவது கட்டம், தேடத் தூண்டும் தன்மை! யாரும் அவங்களைச் சமாதானப்படுத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும். அந்தத் தம்பியை இன்னும் கொஞ்சம் தட்டச் சொல்லுங்க."

நாலாவது கருவி ஒன்பது விநாடியில் வரைந்து முடித்தது. திரையில் வந்த முகத்தைப் பார்த்து, தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சாய்ந்த மூக்கு, சின்ன வலது கண், பல் விழுந்த இடம், கூப்பிடுகிற வாய். கண்ணுக்குக் கண் அறுபத்தொன்று. கருவி என்னவோ நல்ல கருவிதான்.

அக்காவை வந்த வண்டியிலேயே விடுதிக்கு அனுப்பினார்கள். நாற்பத்திரண்டு பக்க அறிக்கை எழுதி முடியும்வரை மாதிரி தேவைப்படலாம் என்றார்கள். கண்ணாடிக்காரர், தனக்கு இரண்டாவதாக ஓர் அக்கா காணாமற்போனதாகப் புது விண்ணப்பம் கொடுத்தார். முதல் விண்ணப்பத்தில் "உடன்பிறந்தவர் ஒருவர்" என்று அவரே எழுதியிருந்ததைக் கவுன்ட்டர் அம்மாள் எடுத்துக் காட்டினார். கண்ணாடிக்காரர் தினமும் விடுதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா ஒருநாள் வந்து பேசினார், ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் பெஞ்சிலிருந்தே கையைக் காட்டினார், அப்புறம் முற்றத்துக்கு வரவில்லை. சளி நெஞ்சில் கட்டியிருந்தது. கம்பளி கொடுக்கக் காப்பாளர் அம்மாள் மூன்று முறை அனுமதி கேட்டு எழுதினார். முகம் மாறாமலிருக்க வேண்டும் என்ற கடிதம்தான் மூன்று முறையும் திரும்பி வந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை கண்ணாடிக்காரர் போனபோது, காப்பாளர் அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவு அவருக்காகத் திறந்தது அன்றைக்குத்தான். எல்லாம் முந்தின நாளே முடிந்து, எரித்தும் ஆகிவிட்டது. உறவினர் இல்லாதவர்களைக் காத்திருக்க வைப்பதில்லை. பதிவேட்டில் வாரியம் சொன்னபடி எழுதியிருந்தது: மாதிரி எண் பூஜ்யம், பயன்பாட்டிலிருந்து நீக்கம்.

வீட்டுக்கு வந்தவரை ஆபரேட்டரம்மா கைபிடித்து உள்ளே அழைத்துப்போனார். உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கடைச் சாவியை எடுத்து உள்ளே வைத்தார். "அழுதுடுங்க தம்பி" என்றார். அவருக்கு வரவில்லை.

பதினேழு நாள் கழித்து வாரியம் முடிவை அறிவித்தது. நாலாவது கருவியே சிறந்தது. அதைக் கொண்டாடுவதற்காக, அது வரைந்த படத்தை ஊர் முழுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில், ரயில் நிலையத்தில், விடுதியின் மதிலில். பேருந்து நிலையத்தில் இரண்டு மாடி உயரம்.

கண்ணாடிக்காரர் கடை திறக்கப் போகிற வழியில் அதைப் பார்த்தார். ஆபரேட்டரம்மா முக்காட்டோடு கூட வந்துகொண்டிருந்தார். அவரும் நின்றார். அக்கா வாயைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுருக்கமும் சரியாக இருந்தது. கீழே, யாரும் வீணாக அலையக் கூடாதே என்ற அக்கறையோடு, பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: மாதிரிப் படம். தேட வேண்டாம்.

கண்ணாடிக்காரர் கைப்பிடிச் சுவரில் ஏறி, எட்டிய இடம்வரை எட்டி, தாடை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது வந்தது அழுகை. பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

பணியிலிருந்த காவலர் ஓடி வந்தார். வயதில் சின்னவர், நல்ல மாதிரி. அதட்டாமல் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"என்ன பெரியவரே, யாராவது வேண்டியவங்களா?"

"எங்க அக்கா."

காவலர் படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு பக்கத்தில் நின்ற பெண்மணியின் முக்காடு காற்றில் விலகி, பழைய போஸ்டரில் பார்த்த முகம் தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க அக்காதான் இதோ பக்கத்துலயே நிக்கறாங்களே, அப்புறம் எதுக்கு அழறீங்க? கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க." அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அது மெஷின் போட்ட படம் ஐயா. அப்படி ஒரு ஆளே உலகத்துல கிடையாது."